ஃபோலிக் அசிட் குளிசைய எப்ப தொடங்கணும், எவ்வளவு போடணும்

பிள்ளை பெறுற யோசனை இருந்தா "கன்ஃபர்ம் ஆகட்டும், பிறகு ஃபோலிக் அசிட் போடுவம்"னு விடாதீங்க, கணக்கு அப்படி வராது. பிள்ளைட நரம்புக்குழாய் சரியா மூடத்தான் ஃபோலிக் அசிட் உதவுது. 28 நாள் சுழற்சினா கரு தரிக்கிறது 14ம் நாள் பக்கம், பிள்ளைட மூளையும் முண்ணாணுமா மாறப்போற நரம்புக்குழாய் அங்கயிருந்து 28 நாளுக்குள்ள மூடிடும், அதாவது பீரியட்ஸ் தள்ளிப்போய் ரெண்டு கிழமைல வேலை முடிஞ்சுது. நீங்க டெஸ்ட் பண்ணி, மாமிட்ட சொல்லி, டொக்டருக்கு நம்பர் எடுத்துப் போறதுக்குள்ள அந்த நேரம் போயிடும்.

முதல்ல அந்தக் குழாய் தட்டையாத்தான் இருக்கும். வெத்தில மடிக்கிற மாதிரி ரெண்டு ஓரமும் எழும்பி நடுவுல சேரும், முதல்ல ஒட்டுறது கழுத்துப் பக்கம், அங்கயிருந்து ஜிப் இழுக்கிற மாதிரி மேலயும் கீழயும் போகும். தலைப்பக்கம் 25ம் நாள் மாதிரி மூடும், அடிப்பக்கம் 27, 28ல. மேல மூடாட்டி அனென்செபலி, மூளையும் மண்டையோடும் உருவாகாது, பிள்ளை தங்காது. கீழ மூடாட்டி ஸ்பைனா பிஃபிடா, கால் பலமும் மூத்திரக் கட்டுப்பாடும் பிள்ளைக்குப் பிள்ளை வேற அளவுல பாதிக்கும். கிரகணத்துல வெளிய போனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, தயவுசெஞ்சு அந்தப் பொம்பளைய ஏசாதீங்க.

கரு தரிக்கிறதுக்குக் குறைஞ்சது ஒரு மாசம் முன்னுக்கே தொடங்குங்க, மூணு மாசம்னா இன்னும் நல்லம், கர்ப்பம் 12 கிழமை முடியும்வரை தினமும் 400 மைக்ரோகிராம். பார்மசில லேபிள வாசிங்க, 5 மில்லிகிராம்னா 5000 மைக்ரோகிராம், எங்கட அண்ணி ரெண்டும் ஒண்டுதான்னு நினைச்சு வாங்கிட்டு வந்தாங்க. அந்தப் பெரிய டோஸ் டொக்டர் சொன்னா மட்டும், முக்கியமா முந்தி ஒரு பிள்ளைக்கு இப்படி வந்தவங்களுக்கு. பிரிட்டன் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் 1991ல வெளியிட்ட ஆய்வுல, அப்படிப்பட்ட அம்மாமாருக்கு 4 மில்லிகிராம் குடுத்து ஆபத்து 72 சதவீதம் குறைஞ்சுது. முழுசா இல்ல, கவனிங்க.

வலிப்புக்கு வல்ப்ரோயேட் போடுறவங்க, சுகர் உள்ளவங்க முதல்லயே டொக்டரோட கதைங்க, வலிப்பு மருந்த நீங்களா நிப்பாட்ட வேணாம். மத்தவங்க உங்கட ஏரியா எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல மிட்வைஃப் மிஸ்ட்ட கேட்டாலே போதும். கீரை மல்லுங், பயறு, பருப்பெல்லாம் நல்லம்தான், ஆனா கொதிச்ச தண்ணிய ஊத்தினா ஃபோலேட்ல (சாப்பாட்டுல இயற்கையா இருக்கிற ஃபோலிக் அசிட் வகை) பாதி சிங்க்ல போயிடும், அதனால சாப்பாட்ட நம்பி குளிசைய விடாதீங்க. ஒருநாள் மறந்தா அடுத்தநாள் ரெண்டு போட வேணாம், வழமை போல ஒண்டு போட்டா சரி.