தஞ்சாவூரைப் பார்க்க வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

காலையில் சாவகாசமாகத் திருச்சியில் கிளம்பி 11 மணிக்குப் பெரிய கோயில் வாசலில் வந்து இறங்குகிறார்களே, முதல் தவறு அதுதான். பிராகாரம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, சுடும் கல்லில் அதைச் சுற்றிவர யாராலும் முடியாது. நிழல் தேடி ஓடுவதிலேயே கவனம் போய்விடும். 12.30 மணி வாக்கில் சந்நிதி சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

கோயில் கிழக்குப் பார்த்தது. முன்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டுமானால் காலை 6 மணிக்கே போய்விடுங்கள். மாலையில் நந்திப் பக்கம் நின்று எடுத்தால் விமானம் (கருவறைக்கு மேலே உயரும் கோபுரம்) கறுப்பாகத்தான் விழும். அந்த நேரத்தில் பின்பக்கம், மேற்குப் பிராகாரத்துக்குப் போங்கள். வெயில் சாயச் சாயக் கல் பொன்னிறமாக மாறுவது அங்கேதான் தெரியும்.

அடுத்தது, அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுவது. கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் இரண்டையும் வெறும் நுழைவழியாகவே பலரும் கடந்துவிடுகிறார்கள். இரண்டாவது வாசலின் அடிப்பகுதியில் சிவபுராணக் கதைகள் சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். விமானத்தின் அடித்தளத்திலும் அப்படியே. 'நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை அங்கே இருக்கிறது. அக்கன் என்பது அவன் அக்காள் குந்தவை. 1,000 ஆண்டுக்கு முந்தைய எழுத்தென்றாலும் பொறுமையாக உற்றுப் பார்த்தால் க, ட, ப போன்ற சில எழுத்துகள் பிடிபடும். கையால் தடவ வேண்டாம்.

காதில் விழும் கதைகளையும் கொஞ்சம் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது பொய். காலையிலும் மாலையிலும் நீளமாகவே விழுகிறது, நீங்களே பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் சரியல்ல, பல கற்களைப் பொருத்திக் கட்டியது. பெரிய நந்தியை ராஜராஜன் வைத்ததாகச் சொல்வார்கள். அது நாயக்கர் காலத்தது. 1010-இல் கட்டி முடித்த கோயிலுக்கு இந்தக் கதைகளின் தயவு எதற்கு?

கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பார்த்துவிடலாம் என்று நம்பி வராதீர்கள். பொதுமக்களை அங்கே விடுவதில்லை.

அரண்மனையில் ஏமாற்றம் வேறு வகை. ராஜஸ்தான் கோட்டைபோல எதிர்பார்த்து வந்து, பாசி படிந்த சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது கட்டடத்தை அல்ல, கலைக்கூடத்தில் உள்ள செப்புத் திருமேனிகளை. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபாந்திகர் (காளைமேல் கையைச் சாய்த்து நிற்கும் சிவன்) முன்னால் 10 நிமிடமாவது நில்லுங்கள். காளை இல்லை, சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது, ஆனாலும் காளை அங்கே இருப்பதுபோலவே தோன்றும். தலையில் பாம்பைச் சுற்றிக் கட்டிய தலைப்பாகையைப் பக்கவாட்டிலும் பாருங்கள். கலைக்கூடம், சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு. சரஸ்வதி மகாலுக்குப் புதன்கிழமை விடுமுறை. நூலகத்தின் சுவடி அறைக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள், அருங்காட்சியகம் மட்டும்தான்.

தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய ஊர்களின் சோழர் கோயில்களையும் பெரிய கோயிலோடு ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது இன்னொன்று. தஞ்சையிலிருந்து முதலாவது ஏறக்குறைய 35 கி.மீ., இரண்டாவது 70 கி.மீ. நடுவில் மதியம் நடை சாத்தும் நேரம் வேறு குறுக்கே வரும். முதல் நாள் மாலை பெரிய கோயில். மறுநாள் விடிந்ததும் கிளம்பிக் கங்கைகொண்ட சோழபுரம், கும்பகோணத்தில் சாப்பாடு, 4 மணிக்குத் தாராசுரம் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

பஸ்ஸில் வருபவர்களுக்கு: புதிய பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே. கோயிலும் அரண்மனையும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். இறங்கியதும் ஆட்டோவுக்குப் பேரம் பேசாமல் டவுன் பஸ் ஏறிவிடுங்கள்.