ஓவர்கிளாக்குக்காக உயர்ரக மதர்போர்டு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராசசரையோ ராமையோ தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதே ஓவர்கிளாக். ஆனால் மதர்போர்டு தானாக எதையும் வேகமாக்குவதில்லை. பிராசசர் கேட்கும் மின்சாரத்தைத் தடுமாறாமல் கொடுப்பது, ராமுக்கும் பிராசசருக்கும் இடையே ஓடும் சிக்னல்கள் கெடாமல் காப்பது, அமைப்புகள் தவறிப்போனால் மீண்டு வர வழி செய்வது ஆகிய மூன்றுமே ஓவர்கிளாக்கில் அதன் வேலை. இவற்றை விட்டுவிட்டுப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைக் கொண்டு போர்டைத் தீர்மானிப்பதால்தான், தேவைக்கு இரு மடங்கு விலை கொடுத்தவர்களும் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் ஏமாறுகிறார்கள்.

அந்த எண்களில் முதலில் கண்ணில் படுவது '20+1+2' என்பது போன்ற பவர் ஃபேஸ் கணக்கு. பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட்டாக வரும் மின்சாரத்தைப் பிராசசருக்கு ஏற்றவாறு ஏறத்தாழ 1.2 வோல்ட்டுக்கு இறக்கித் தருவது விஆர்எம் என்னும் பகுதி. அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் கிளைகளே ஃபேஸ்கள். முதல் எண் பிராசசர் கோர்களுக்கு உரியது. மற்றவை பிராசசரின் துணைப் பகுதிகளுக்கு உரியவை. ஆனால் 20 என்று எழுதியிருப்பதால் தனித்தனியாக இயங்கும் 20 ஃபேஸ்கள் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்டுப்படுத்தும் சிப்பால் அத்தனையையும் தனியே இயக்க முடியாத நிலையில், ஒரே சிக்னலை இரண்டு பவர் ஸ்டேஜ்களுக்கு (மின்னோட்டத்தைச் சுமக்கும் சிப்களுக்கு) இணையாக அனுப்புவதும், இடையில் டப்ளர் என்னும் சிப்பை வைத்துப் பிரிப்பதும் வழக்கம். அப்போது இந்த 20 என்பது உண்மையில் பத்து ஜோடிகள். இது மோசடி என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் வெப்பம் பரவலாகப் பிரிவது உண்மையான பலன்தான். ஆயினும் 20 என்ற எண்ணை 16 என்ற எண்ணோடு நேராக ஒப்பிட்டு, பெரியதே சிறந்தது என்று முடிவு கட்டுவதற்கு அடிப்படை ஏதும் இல்லை.

அதைவிட முக்கியமானது, அந்தத் திறன் தேவையா என்ற கேள்வி. இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசசரின் அதிகாரபூர்வ டர்போ வரம்பு 253 வாட். மின்னழுத்தம் 1.25 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய 200 ஆம்பியர். ஒவ்வொன்றும் 90 ஆம்பியர் தாங்கும் என்று குறிக்கப்பட்ட 16 பவர் ஸ்டேஜ்கள் இருந்தால், தாளில் உள்ள மொத்தத் திறன் 1440 ஆம்பியர். ஒவ்வொன்றின் தோளிலும் உண்மையில் விழுவதோ 13 ஆம்பியருக்கும் குறைவு. 12 ஸ்டேஜ்கள் மட்டும் உள்ள போர்டிலும் அது 17 ஆம்பியரைத் தாண்டாது. 90 ஆம்பியர் என்பது சாதகமான சூழலில் அளந்த உச்சம் என்பதால் அதை அப்படியே நம்பக் கூடாது. நம்பாமல் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் மிச்சம் ஏராளம். 120 வாட் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய வெப்ப அளவு) கொண்ட ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற கேமிங் பிராசசருக்கு இத்தகைய விஆர்எம் வாங்குவது, பயன்படவே போகாத ஒன்றுக்குப் பணம் கட்டுவதாகும்.

ஃபேஸ்களை எண்ணும் நேரத்தில் அவற்றின் மேல் அமர்ந்து வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கைப் பார்ப்பது பயன் தரும். பருமனான ஒரே அலுமினியக் கட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுப்பது பரப்பளவு என்பதால், மெல்லிய தகடுகள் கொண்ட சிறிய ஹீட்சிங்க் அதைவிட நன்றாக வேலை செய்யக்கூடும். மேலே பிளாஸ்டிக் மூடியும் விளக்கு வரிசையும் பொருத்திக் காற்றோட்டத்தையே அடைத்துவிட்ட விலையுயர்ந்த போர்டுகளும் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிராசசருக்கு லிக்விட் கூலர் பொருத்தினால், சாக்கெட்டைச் சுற்றி வீசிக்கொண்டிருந்த காற்று நின்றுவிடுகிறது. ஆகவே விஆர்எம் வெப்பநிலைச் சோதனை எந்தக் கூலருடன் நடத்தப்பட்டது என்பது தெரியாத விமர்சனத்தின் எண்ணுக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டியதில்லை.

உலகச் சாதனைகளைக் காட்டி விற்கப்படும் போர்டுகள் தனி வகை. 2023இல் கோர் ஐ9-14900கேஎஃப் பிராசசர் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது உண்மை. அது பொறுக்கியெடுத்த சிப்பைத் திரவ நிலையிலுள்ள வாயுவால் உறையவைத்து, தேர்ந்த கைகள் செய்த காரியம். சாதாரணக் கூலரின் கீழ், ஒரே பிராசசரை இடைநிலைப் போர்டிலும் உச்சப் போர்டிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினால், எட்டும் அதிர்வெண்ணை வெப்பமும் அந்தச் சிப்பின் பிறவிக் குணமுமே தீர்மானிக்கின்றன.

பிராசசர்களிடம் பிடுங்கி எடுக்க மிச்சமிருந்த வேகமும் இப்போது சுருங்கிவிட்டது. 2011இல் வந்த கோர் ஐ5-2500கே பிராசசரின் டர்போ வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ்; நல்ல ஏர் கூலர் இருந்தால் அதை 4.5 வரை கொண்டுபோவது பலருக்கும் கைகூடியது, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் லாபம். இன்று 14900கே பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே 6 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. அதன் மேல் இன்னும் 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால் கிடைப்பது மூன்று விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். 4கே திரையில் கிராபிக்ஸ் கார்டே வேகத்தைக் கட்டிப்போடுவதால், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைத்து அதே வேகத்தை நிலைநிறுத்தும் கர்வ் ஆப்டிமைசர் போன்ற முறையே ரைசன் உரிமையாளர்களுக்கு இன்று பயனுள்ள ஓவர்கிளாக் என்பது என் கருத்து; அதற்கு பி650 என்னும் இடைநிலைச் சிப்செட் (போர்டின் துணைக் கட்டுப்பாட்டுச் சிப்) கொண்ட போர்டும் போதும்.

விமர்சனங்களில் ஒரு போர்டு இன்னொன்றை முந்துவதாக வரும் வரைபடங்களை நம்புவதும் பரவலான தவறு. அந்த வித்தியாசம் பெரும்பாலும் போர்டின் தரத்தால் வருவதில்லை. கணினியைத் துவக்கும் மென்பொருளான பயாஸின் ஆரம்ப அமைப்பால் வருகிறது. மின்வரம்புகளைச் சத்தமில்லாமல் நீக்கி வைத்திருக்கும் போர்டு, வரம்புகளை மதிக்கும் போர்டைவிட வேகமாகத் தெரியும். இந்தத் தாராளத்தின் மறுபக்கம் 2023இலும் 2024இலும் வெளிப்பட்டது. 2023இல் சில ரைசன் 7000 பிராசசர்கள் எரிந்துபோனதைத் தொடர்ந்து, ராமை வேகப்படுத்தும் ஆயத்த அமைப்பான எக்ஸ்போவை இயக்கும்போது போர்டுகள் கொடுத்த எஸ்ஓசி (ராம் கட்டுப்பாடு உள்ளிட்ட பிராசசரின் துணைப் பகுதி) மின்னழுத்தத்துக்கு ஏஎம்டி 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பு வைத்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் நிலைகுலைந்த விவகாரத்தில், அடிப்படைக் காரணமாகச் சொல்லப்பட்டது பிராசசரே கேட்ட மிகை மின்னழுத்தம். ஆயினும் போர்டுகள் தம் விருப்பத்துக்குத் திறந்துவிட்ட வரம்புகளை இன்டெல் நிர்ணயித்த அளவுக்குக் கொண்டுவருவதும் தீர்வின் ஒரு பகுதியாக இருந்தது. 2024 ஆகஸ்டுக்கு முந்தைய பயாஸில் எடுத்த இசட்790 (அந்தத் தலைமுறைகளுக்கான உயர்ரகச் சிப்செட்) போர்டு அளவீடுகளை இன்றைய நிலைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

மின்னழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது லோட்லைன் கேலிபிரேஷனையும் சொல்ல வேண்டும். சுமை ஏறும்போது மின்னழுத்தம் சற்றே இறங்குவது வடிவமைப்பின் ஒரு பகுதி. அதை முற்றிலும் தட்டையாக்கும் உச்ச நிலை இருக்கும் போர்டே சிறந்தது என்று நினைப்பவர்கள், சுமை சட்டென்று விலகும் நொடியில் மின்னழுத்தம் மேலே துள்ளுவதைக் கணக்கில் கொள்வதில்லை. உச்ச நிலை எது என்று பார்ப்பதைவிட, நடு நிலைகள் பல இருக்கின்றனவா, பயாஸ் காட்டும் மின்னழுத்தம் பிராசசரின் உள்ளிருந்தே அளக்கப்படுகிறதா என்று பார்ப்பது நல்லது.

விலையுயர்ந்த போர்டுக்கு உண்மையான நியாயம் இருக்கக்கூடிய இடம் ராம். இங்கும் '8000க்கு மேல்' என்ற ராம் வேக வாசகம் தனியாக எதையும் சொல்வதில்லை. நான்கு ராம் ஸ்லாட்டுகள் இருந்தால், பயன்படாத ஸ்லாட்டுக்குப் போகும் தடங்கள் சிக்னலைப் பிரதிபலித்துக் கெடுக்கின்றன. அதனால்தான் ராம் வேகத்துக்கென்றே உருவாக்கப்படும் ஏசஸ் ஏபெக்ஸ் போன்ற போர்டுகளில் இரண்டு ஸ்லாட்டுகள் மட்டுமே உள்ளன. பலகையின் அடுக்குகள் ஆறா, எட்டா, பத்தா என்பதும் சிக்னலின் தூய்மையைப் பாதிக்கிறது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் எண்ணம் உடையவருக்கோ கதையே வேறு: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ராம்களுடன் டிடிஆர்5-5200, நான்குடன் வெறும் 3600. இதற்கு மேல் கிடைப்பது ஓவர்கிளாக், உத்தரவாதமில்லாதது. மேலும் அந்த வரிசையில் ராமும் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியும் ஒரே வேகத்தில் ஓடுவது பொதுவாக 6000ஐ ஒட்டித்தான். 8000இல் ஓட்டினால் கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகத்துக்கு இறங்கிவிடும் என்பதால், போர்டு தாங்கினாலும் விளையாட்டில் லாபம் மிகச் சிறியது. போர்டின் பரிசோதிக்கப்பட்ட ராம் பட்டியலைத் திறந்து, வாங்கப்போகும் ராமின் முழு மாடல் எண் எத்தனை ஸ்லாட்டுகளுக்குச் சான்று பெற்றிருக்கிறது என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

சிப்செட்டின் பெயரை வைத்து மதிப்பிடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எக்ஸ்870 என்ற பெயர் எக்ஸ்670ஐவிட மேலானது போல ஒலிக்கிறது; அதில் இருப்பதோ பி650இல் உள்ள அதே ஒற்றைச் சிப், கூடவே கட்டாயமாக்கப்பட்ட யுஎஸ்பி4. எக்ஸ்670இல் அந்தச் சிப்கள் இரண்டு. இன்டெல் பக்கத்தில் பிராசசரின் பெருக்கியை (அடிப்படைக் கிளாக்கைப் பெருக்கி வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) உயர்த்த இசட் வரிசை வேண்டும் என்பதால் அங்கே பெயருக்குப் பொருள் உண்டு. ஏஎம்டியில் பி650, பி850 இரண்டுமே ஓவர்கிளாக்கை அனுமதிக்கின்றன, ஏ620 அனுமதிப்பதில்லை.

எஸ்எஸ்டிகளைப் பொருத்தும் எம்.2 ஸ்லாட் ஐந்து இருப்பதைச் செல்வமாக எண்ணுபவர்கள், கையேட்டில் சிறிய எழுத்தில் உள்ள பகிர்வு விதிகளைப் படிப்பதில்லை. எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கான இன்டெல் பிராசசர்களில், கார்டுகளையும் எஸ்எஸ்டிகளையும் இணைக்கும் பிசிஐஇ 5.0 தடங்கள் பதினாறு மட்டுமே. ஆகவே இசட்790 போர்டில் 5.0 வேக எஸ்எஸ்டியைப் பொருத்தினால் கிராபிக்ஸ் கார்டு எட்டுத் தடங்களுக்கு இறங்கிவிடும். 5.0 கார்டாக இருந்தால் அந்த எட்டே 4.0இன் பதினாறுக்குச் சமம், பெரிய இழப்பில்லை. 4.0 கார்டுக்கோ பாதி அலைவரிசை உண்மையாகவே போய்விடுகிறது.

கூடுதல் விலைக்குக் கிடைப்பவற்றில் நான் குறைவாக மதிப்பிட மறுப்பது மீட்பு வசதிகளை. ஓவர்கிளாக் என்பது பலமுறை தோற்பது. ராமின் நேர அளவுகளைச் சரிசெய்பவர் கணினி திரும்பத் திரும்ப இயங்க மறுப்பதைக் காண்பார். எந்தக் கட்டத்தில் நின்றது என்று இரண்டு இலக்கத்தில் காட்டும் பிழைக் குறியீட்டுத் திரை, பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பப் பின்பக்கத்திலேயே உள்ள சிமாஸ் அழிப்பு பொத்தான், ஒன்று கெட்டால் மற்றொன்றில் எழும் இரட்டை பயாஸ், பிராசசர் இல்லாமலே பயாஸை ஏற்றும் வசதி ஆகியவை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அடிப்படைக் கிளாக்கை உருவாக்கும் தனி கிளாக் ஜெனரேட்டரும் அப்படியே: பெருக்கி பூட்டப்பட்ட 7800எக்ஸ்3டி போன்ற பிராசசரைச் சற்றே உயர்த்த அது வழி தருகிறது. ஆனால் எக்ஸ்போவையோ, அதற்கு இணையான இன்டெலின் எக்ஸ்எம்பியையோ ஒருமுறை இயக்கிவிட்டு, அதன் பிறகு பயாஸ் பக்கமே திரும்பாதவருக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. அவர் மிச்சப்படுத்தும் தொகை ஒரு படி மேலான கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.