பழைய கொடி ஷிராஸ்: டர்பன் வீடுங்கள்ல நடக்குற தப்புங்க

இந்த ஊர்ல நம்ம ஆளுங்க கேன் ஸ்பிரிட்னு சொல்ற கரும்புச் சாராயத்தையும் பிராந்தியையும் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ரெட் வைன் பக்கம் திரும்பிட்டாங்க. அதுலயும் பழைய கொடி ஷிராஸ்னா, அதாவது வயசான கொடில காய்ச்ச ஷிராஸ்ங்கிற கறுப்புத் திராட்சைலேர்ந்து எடுத்த ரெட் வைன்னா, தனி மரியாதை. கல்யாணப் பரிசுக்கு, தீபாவளிக்கு, புரட்டாசி விரதம் முடிஞ்சு வர்ற முதல் ஞாயித்துக்கிழமை ப்ராய்க்கு, அதாவது கரில கறி வாட்டுற விருந்துக்குன்னு 400, 500 ரேண்ட் குடுத்து வாங்குறாங்க, வாங்கினதுல பாதிய வீட்டுக்குள்ளயே கெடுத்துடறாங்க. அதனாலதான் இத எழுதுறேன்.

முதல்ல, பாட்டில்ல பழைய கொடின்னு போட்டிருந்தா உள்ள இருக்கிற சரக்கு பழசுன்னு அர்த்தம் இல்ல. வயசு கொடிக்குத்தான். 40 வருஷத்துக் கொடிலேர்ந்து ரெண்டு வருஷம் முன்னாடி பறிச்ச திராட்சையா இருக்கலாம், அது இளசான வைன்தான். இது தெரியாம பாட்டில இன்னும் பதினஞ்சு வருஷம் அலமாரில பூட்டி வச்சு பேரன் கல்யாணத்துக்குத் திறப்போம்னு இருக்கிற தாத்தாக்கள் நம்ம பக்கம் நெறைய பேர், ஆனா நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டு அலமாரில பதினஞ்சு வருஷம் எந்த வைனும் தாங்காது, அது ஏன்னு கீழ சொல்றேன்.

அடுத்தது, லேபிள அப்படியே நம்பிடறது. பழைய கொடின்னு யார் வேணா எழுதிக்கலாம், பெரும்பாலான நாடுகள்ல அதுக்கு இத்தனை வருஷம்னு கட்டாயச் சட்டம் கிடையாது. தெற்கு ஆஸ்திரேலியாவுல பரோஸா பள்ளத்தாக்குக்காரங்க 2009ல அவங்களே ஒரு கணக்கு வச்சுக்கிட்டாங்க, 35 வருஷம், 70, 100, 125ன்னு நாலு படி. அங்க 1843ல நட்ட ஷிராஸ் கொடி இன்னும் காய்க்குது, ஏன்னா வேரத் தின்னு கொடியையே சாகடிக்கிற ஃபில்லாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ள நுழையவே இல்ல. நம்ம தென்னாப்பிரிக்காவோட திராட்சைப் பகுதியான கேப்புக்கு அது 1886லயே வந்துடுச்சு. இங்க ஓல்ட் வைன் ப்ராஜெக்ட்னு (பழைய கொடித் திட்டம்) ஒரு அமைப்பு இருக்கு, ரோசா க்ரூகர் அம்மா பல வருஷமா தோட்டம் தோட்டமா அலைஞ்சு பழைய கொடிங்கள கண்டுபிடிச்சு பட்டியல் போட்டதுலேர்ந்து வந்தது. 35 வயசோ அதுக்கு மேலயோ ஆன தோட்டத்துக்கு 2018லேர்ந்து ஒரு முத்திரை குடுக்குறாங்க, அதுல கொடி நட்ட வருஷமே இருக்கும். கடைல நிக்கும்போது அந்த வருஷத்தத் தேடுங்க. இல்லன்னா லேபிள்ல இருக்கிறது வெறும் அழகுப் பேச்சாவும் இருக்கலாம்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும், இந்த நாட்டுல பழைய கொடின்னா பெரும்பாலும் ஷெனின் பிளாங்க், அதாவது வெள்ளை. 1990 வாக்குல மொத்தத் தோட்டத்துல ஷிராஸ் நூத்துல சுமார் ஒரு பங்குதான், அப்புறம் நிறவெறி ஆட்சிக்காக உலக நாடுங்க போட்ட தடை எல்லாம் நீங்கி ஏற்றுமதி திறந்த பிறகுதான் எல்லாரும் விழுந்து விழுந்து நட்டாங்க. 1998, 2000ல நட்டது இன்னும் 35ஐத் தொடல. அதனால மலிவு விலைல பழைய கொடி ஷிராஸ்னு அடுக்கி வச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும். வைரஸ் வேற இருக்கு, லீஃப்ரோல்னு சொல்வாங்க. ஏப்ரல், மே மாசத்துல கேப்புல வைன் தோட்டங்க இருக்கிற ஸ்டெல்லன்போஷ் பக்கம் டூர் போறவங்க செக்கச்செவேல்னு இருக்கிற இலைங்க முன்னாடி நின்னு போட்டோ எடுத்துப் போடறாங்களே, கறுப்புத் திராட்சைத் தோட்டத்துல அந்த சிவப்பு பல சமயம் நோயோட அடையாளம், இலை ஓரம் கீழ்ப்பக்கமா சுருண்டு நரம்பு மட்டும் பச்சையா நின்னா அதேதான். அப்படிப்பட்ட தோட்டத்த 20, 25 வயசுலயே பிடுங்கிப் போட்டுடறாங்க.

வயசானாலே ருசின்னும் இல்ல. கிழட்டுக் கொடி கம்மியா காய்க்கும், வேர் ஆழமாப் போயிருக்கும், மழை பொய்ச்ச வருஷத்துலயும் தடுமாறாது, சாறு கெட்டியா வரும், எல்லாம் சரிதான். ஆனா மோசமான மண்ணுல நட்ட கொடியும் வயசாகத்தான் செய்யும்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வர்றேன், சூடு. ரெட் வைன ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு யாரோ சொன்னத பிடிச்சுக்கிட்டு டிசம்பர் மாசம் டர்பன்ல, வேர்வை ஒழுக ஒழுக, 30 டிகிரில பாட்டிலத் திறக்குறாங்க. அந்தப் பேச்சு குளிர் ஊர்ல கல் வீட்டுல இருந்தவங்களுக்கு, அவங்க ரூமே 17, 18 டிகிரிதான். ஷிராஸ்ல ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரைக்கும் இருக்கும், சூடா ஊத்தினா மூக்குல ஸ்பிரிட் நெடிதான் ஏறும், பழமும் தெரியாது ஒண்ணும் தெரியாது. 16லேர்ந்து 18 டிகிரிதான் அளவு. ஃபிரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க, அவசரம்னா வாளில ஐஸும் தண்ணியும் கலந்து பத்து நிமிஷம். வெறும் ஐஸ் மட்டும் போட்டா பாட்டில் மேல சரியாப் படாது, தண்ணி கண்டிப்பா வேணும். க்ளாஸ்ல கையளவு ஊத்துங்க, முழுக்க ரொப்பினா பாதி குடிக்கிறதுக்குள்ள சூடாயிடும்.

சேத்து வைக்கிறதும் இதே கதைதான். ஃபிரிட்ஜ் தலை மேல, அடுப்புக்கு மேல இருக்கிற கப்போர்டுல, ஜன்னல் ஓரத்து ஷோகேஸ்ல, அதுவும் லைட் போட்டு, எங்க வைக்கக்கூடாதோ அங்கதான் வைக்கிறோம். புரட்டாசிக்கு முன்னாடி வாங்கி மாசம் முழுக்க அங்க கெடந்தா வைன் கொஞ்சம் கொஞ்சமா வெந்துடும், வேகவச்ச ப்ளம்ஸ் மாதிரி ஒரு வாசனை வரும், கார்க்கு லேசா மேல தள்ளிக்கிட்டு நிக்கும். அத விடக் கொடுமை டிசம்பர் லீவுக்கு கேப் டவுன் போயிட்டு ஒரு பெட்டி வைன் வாங்கி கார் பூட்ல போட்டுக்கிட்டு கரூ வறண்ட பூமி வழியா 1,600 கிலோமீட்டர் ஓட்டி வர்றது, நடுவுல கொலெஸ்பெர்க்ல சாப்பிட வெயில்ல நிறுத்தினா கார் உள்ள 50 டிகிரியத் தாண்டும். தோட்டக்காரங்களே கூரியர்ல அனுப்புவாங்க, அதக் கேளுங்க, இல்லன்னா சீட்டுக்குக் கீழ ஏசி படுற இடத்துல வச்சு ராத்திரி தங்குற ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போங்க. வீட்டுல தரையோட ஒட்டின, வெளிச்சம் படாத அலமாரி போதும். கார்க் பாட்டில்னா படுக்க வைக்கணும், திருகு மூடின்னா நின்னாலும் ஒண்ணுதான்.

சாப்பாடு. இதுலதான் சண்டை வரும். மதர் இன் லாங்கிற காரமான மசாலா ரெண்டு கரண்டி போட்ட டர்பன் மட்டன் கறியோட இந்த ஷிராஸ ஊத்தாதீங்க. மிளகாய் எரிச்சலும் ஆல்கஹாலும் சேர்ந்தா நாக்கு தீப்பிடிக்கும், துவர்ப்பு இன்னும் கசப்பாத் தெரியும், அப்புறம் வைன் சரியில்லன்னு கடைக்காரனத் திட்டுவோம். பன்னி சவ், அதான் குடைஞ்ச ரொட்டிக்குள்ள கறி ஊத்தினது, சாப்பிடறப்ப பீர் குடிங்க, நிம்மதி. ஷிராஸுக்கு வேண்டியது மிளகாய் இல்ல, மிளகு. ஆட்டு சாப்ஸ்ல மிளகு, சீரகம், உப்பு, கொஞ்சம் பூண்டு தடவி ப்ராய் கரில வாட்டுங்க, இல்ல அம்மா செய்யுற மட்டன் மிளகு வறுவல். இது சும்மா பேச்சு இல்ல, ஷிராஸ்ல வர்ற மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன்னு ஒரு பொருள், கறுப்பு மிளகுலயும் அதேதான் இருக்கு, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008ல இத வெளிய சொன்னாங்க. அந்தப் பேரே கோரைக்கிழங்கோட தாவரவியல் பேர்லேர்ந்து வந்தது, நம்ம பாட்டிங்க குளியல் பொடில போட்டு அரைச்ச அதே கோரைக்கிழங்கு! அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இந்த வாசனை சுத்தமா தெரியாது, அதனால மிளகே வரலையேன்னு உங்க மச்சான் சொன்னா அடிக்கப் போகாதீங்க, அவர் மூக்கு அப்படி. குளிர்ச்சியான இடத்துத் திராட்சைல இது தூக்கலா இருக்கும், ஸ்வார்ட்லாண்ட் மாதிரி வெயில் இடத்துல பழம் முன்னாடி நிக்கும்.

திறந்த உடனே அவிச்ச முட்டை, தீக்குச்சி வாசம் அடிச்சா கெட்டுப்போச்சுன்னு சிங்க்ல கொட்டிடாதீங்க, ஷிராஸுக்கு அது சகஜம். ஒரு ஜக்குல ஊத்தி அரை மணி நேரம் விட்டா பெரும்பாலும் போயிடும். நெஜமாவே பழைய பாட்டில்னா நேர்மாறா செய்யணும், முந்தின நாளே நிக்க வச்சு வண்டல் கீழ இறங்கின பிறகு மெதுவா ஊத்தி உடனே குடிச்சிடணும். வெள்ளிக்கிழமை விளக்கேத்தி சாம்பிராணி போட்ட ஹால்லயும் திறக்காதீங்க. சாமிக்காக மட்டும் சொல்லல, அந்தப் புகைல வைன் வாசனை ஒண்ணுமே தெரியாது.

ரெட் வைன்ல கோக் ஊத்திக் குடிக்கிற பசங்கள நான் திட்ட மாட்டேன், காட்டெம்பான்னு சொல்ற அந்தக் கலவை இந்த ஊர் வழக்கம், ஆனா அதுக்கு அட்டைப்பெட்டில வர்ற மலிவு வைன் போதும். கறில ஊத்தவும் அதேதான். வண்டி ஓட்டுறவருக்கு ஊத்தவே ஊத்தாதீங்க, இங்க சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம், 15 சதவீத சரக்குல ரெண்டு க்ளாஸ் உள்ள போனா சட்டுனு அங்க வந்து நிக்கும்.

மிச்சம் இருந்தா மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க, மூணு நாள் தாங்கும், குடிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்தா போதும். நாலாவது நாள் புளிப்பு ஏறிடுச்சுன்னா ஆட்டுக்கறி ஊற வைக்க எடுத்துக்கோங்க.