கோலகுபு பாருவுக்கு ட்ரைபாட் கொண்டுபோகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன அடுக்குவது என்று எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மலேசியாவில் இருக்கும் ஊருக்குப் போகிற சாக்கில் பக்கத்துப் பிரேசர் மலையில் இரண்டு நாள் பறவை பார்க்கலாம் என்று 150-600 மி.மீ. ஜூம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குத்தான் இது. மெல்பர்னிலிருந்து நானும் அப்படித்தான் போனேன்.

கடையில் '15 கிலோ தாங்கும்' என்பார்கள். அந்த எண்ணை நம்பி ட்ரைபாட் வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. உடையாமல் தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. 600 மி.மீ.-இல் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குத் தெரிவது மூலைக்கு மூலை 4 டிகிரி சொச்சம்தான். லேசான அதிர்வு போதும், படத்தில் இருவாச்சிப் பறவையின் கண் கலங்கிவிடும். ட்ரைபாட் காலின் மேல்குழாய் எத்தனை மி.மீ. விட்டம் என்று பாருங்கள். என் அனுபவத்தில் 2 கிலோ லென்ஸுக்கு 28 மி.மீ. போதும், 3 கிலோவைத் தொட்டால் 32 வேண்டும். காசு பார்க்காமல் கார்பன் ஃபைபர் எடுங்கள், எடையும் குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். நடுத்தண்டு இல்லாததே நல்லது. அதை உயர்த்திவிட்டால் லென்ஸ் ஒற்றைக் குச்சியின் மேல் நிற்கிறது. நாலு துண்டுக் கால் பைக்குள் அடங்கும், ஆனால் கடைசித் துண்டு மெலிசு. அதை நீட்டாமல் உட்கார்ந்து எடுக்கப் பழகுங்கள்.

ட்ரைபாட்டின் தலையில் உருண்டை மேல் திரும்புவது பால் ஹெட், அதில் நீள லென்ஸ் பக்கவாட்டில் சாயும். லென்ஸை ஊஞ்சல் போலத் தாங்கும் கிம்பல் தலையைப் போட்டு எடையைச் சமன் செய்துவிட்டால் விரலால் தள்ளினாலே திரும்பும். முழு கிம்பல் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டுவதால், ஏறி நடக்கிறவர்கள் பால் ஹெட்டின் பக்கத்தில் மாட்டும் சின்ன கிம்பலை வாங்கலாம்.

அப்புறம், ட்ரைபாட்டை ஊரில் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

போய் இறங்கிய அன்றே சித்தப்பா கேட்டார். தோட்டத்துக் கோயிலில் தீமிதி, வீடியோ எடுக்க வேண்டும். "ஒரு ராத்திரிக்குத்தானேடா." மறுநாள் விடியலில் மலைக்குப் போக வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். 2021-இல் எல்லைகள் மூடிக்கிடந்தபோது அப்பா போனார். நான் மெல்பர்னில் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, கொள்ளி வைத்தவர் சித்தப்பா. இன்றுவரை அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. எழுந்துபோய் ட்ரைபாட்டை எடுத்துக் கொடுத்தேன்.

நானும் கூடப் போனேன். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. நான் பிறந்த லயம், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசை, இருந்த இடம் தெரியவில்லை, கோயில் மட்டும் நிற்கிறது. பூக்குழிக்கு இரண்டடி தள்ளி, ஈர மண்ணும் சாம்பலுமாகக் கிடந்த இடத்தில் பையன்கள் ட்ரைபாட்டை நிறுத்தியிருந்தார்கள். முடிந்ததும் துடைக்காமலே கால்களை உள்ளே தள்ளித் திருகிவிட்டார்கள். என் கண் முன்னால்தான் நடந்தது. வாயைத் திறக்க மனம் வரவில்லை.

காலையில் அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் 'கேப்' (The Gap) என்கிற கணவாய் வரை போய் நிறுத்தினேன். துருத்தி ஊதுவது போல இருவாச்சியின் சிறகுச் சத்தம் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. லென்ஸைத் திருப்புகிறேன், ஒரு கால் தானாக உள்ளே இறங்குகிறது. திருகு இறுகியது போலத்தான் இருந்தது, உள்ளே மணல் பிடிக்கவிடவில்லை. லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் தார்ச்சாலையில் மோதி உடைந்தது. கேமராவின் வாரைப் பிடித்து மற்றதைக் காப்பாற்றினேன். பறவை போய்விட்டது.

கடலோரமோ சேறோ, எங்கே வைத்தாலும் கால்களை உள்ளே தள்ளுவதற்கு முன் துடையுங்கள். மண் புகுந்துவிட்டால் திருகை முழுக்கக் கழற்றி, காலை உருவி எடுத்து நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் சில்லுகள் எந்தப் பக்கமாக இருந்தன என்பதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை வாசலில், ஐந்தடி நடைபாதையில், நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது சித்தப்பா பழைய பல்தூரிகையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருடம் பால்மரம் சீவிய கை. பட்டையில் கத்தி போகிற அதே நிதானத்தில், திருகின் ஒவ்வொரு புரியிலும் தூரிகையை ஓட்டிச் சாம்பலை எடுத்தார். ஹூட் என்ன விலை என்று கேட்டார். கொஞ்சம்தான் சித்தப்பா என்றேன்.

ட்ரைபாட்டை அவரிடமே விட்டு வந்தேன். திருகுகளை இறுக்காமல், அலமாரிக்குள் வைக்காமல், காற்றுப்படும் இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அடுத்த தீமிதிக்குள் நான் வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வந்துவிடுவேன் என்றேன்.