பருவமழைக்கு முன் புல்தரைக்கு உரம்: எப்போது, எவ்வளவு

‘குளிர்காலத்துக்கு முன் உரமிடுங்கள்’ என்ற அறிவுரை குளிர்நாட்டுப் புல்லுக்கானது. அங்கே இலையுதிர்காலத்தில் இலை வளர்ச்சி தணிந்த பிறகும் வேர் வேலை செய்யும். அப்போது இடும் உரம் வேரில் சேமிப்பாகும். சிங்கப்பூரில் புல் உறங்குவதில்லை. நம் தரைவீட்டு முற்றங்களில் உள்ள கௌ கிராஸ், சொய்சியா ஆகிய புல்வகைகளை வாட்டுவது வடகிழக்குப் பருவமழைதான். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் மழை கொட்டும், வெயில் மங்கும், நீர் நிரம்பிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குள், அதாவது தீபாவளியை ஒட்டி, எல்லா வேலையையும் முடித்துவிடுங்கள்.

உரத்தைவிட மண் முக்கியம். ஈர மண்ணில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். விரல் நீளம்கூட இறங்கவில்லையென்றால் மண் இறுகிக் கிடக்கிறது. இடும் உரம் மேலேயே நின்று மழையோடு போய்விடும். கார்டன் ஃபோர்க்கை 8 முதல் 10 செ.மீ. ஆழம் இறக்கி, லேசாகப் பின்னால் சாய்த்து எடுங்கள். குத்துகளுக்கு இடையே 10 முதல் 15 செ.மீ. போதும். சொதசொதவென்று இருக்கும்போது குத்தினால் களிமண் குழைந்து துளையின் சுவரே அடைபட்டுவிடும். பிறகு கழுவிய, பருமனான ஆற்று மணலைச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் தூவித் துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். இது 5 மி.மீ. கனம்தான், புல்நுனி வெளியே தெரிய வேண்டும். நைசான மணல் களிமண்ணோடு சேர்ந்து இறுகும். கடல் மணலில் உப்பு இருக்கும், வேண்டாம்.

மண்ணின் pH (அமிலத்தன்மை அளவு) 5.5-க்குக் கீழே, அதாவது அமிலம் அதிகமாக இருந்தால், டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைச் சதுர மீட்டருக்கு 50 கிராம் இடலாம். உரத்தோடு சேர்த்து இடாதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

உரத்துக்கு 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 15 விழுக்காடு) போதும், மெதுவாகக் கரையும் வகையென்றால் இன்னும் நல்லது. சதுர மீட்டருக்கு 20 கிராம் இட்டால் 3 கிராம் தழைச்சத்து சேரும். 20 சதுர மீட்டர் முற்றத்துக்கு 400 கிராம்: அதை இரண்டாகப் பிரித்து, பாதியை நீளவாக்கிலும் பாதியை அகலவாக்கிலும் தூவினால் திட்டுத்திட்டாகப் பச்சை பிடிக்காது. வெறும் யூரியா இடுவதுதான் இந்தப் பருவத்தில் பெரிய தவறு. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து. மங்கிய வெயிலில் இலை மளமளவென்று மெலிந்து வளரும். அந்த மென்மையான இலையில்தான் பூஞ்சை ஏறி, பழுப்பு வட்டங்கள் பரவும்.

இலை உலர்ந்திருக்கும் காலையில் தூவி, உடனே மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். இலைமேல் தங்கும் குருணை புல்லைக் கருக்கும். நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம், அதனால் வானிலை பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதையிலும் கால்வாய் ஓரத்திலும் சிதறியதைக் கூட்டி அள்ளுங்கள். சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் இறங்கும் உரம் நீர்த்தேக்கத்துக்கே போய்ப் பாசி வளர்க்கும்.

மழைக்காலத்தில் கௌ கிராஸை 4 முதல் 5 செ.மீ. உயரத்தில் வையுங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், ஈரத்தில் இயந்திரம் ஓட்டாதீர்கள். தண்ணீர் தேங்கும் பள்ளங்களை மணலிட்டு நிரவுங்கள். அங்கே ஏடிஸ் கொசு முட்டையிடும். அடுத்த உரம் மழை ஓய்ந்து வெயில் திரும்பும் பிப்ரவரியில், சதுர மீட்டருக்கு 30 கிராம்.