யமுனைக் கரையில் தன்னார்வ ஆய்வு: தில்லியில் தொடங்கும் முறை

தில்லியில் ஆற்றையொட்டிய காப்பிடங்களில் ஆய்வு செய்ய விரும்புவோருக்கு இரண்டு இடங்கள் எட்டும் தொலைவில் உள்ளன. ஒன்று, வஜீராபாத் அருகே தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய யமுனை பல்லுயிர்ப் பூங்கா. மற்றொன்று, 1990-இல் அறிவிக்கப்பட்ட ஓக்லா பறவைகள் சரணாலயம். மயூர் விஹாரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓக்லாதான் பக்கம். மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் அதன் பெயரிலேயே ஒரு நிலையமும் இருக்கிறது.

முதலில் அனுமதியைக் கவனிக்க வேண்டும். ஓக்லா சரணாலயம் உத்தரப் பிரதேச வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால், தில்லி அரசிடம் விண்ணப்பித்துப் பயனில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, பாதையில் நின்றபடி பறவைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது பார்வையாளர் எவரும் செய்யக்கூடியது. அதைத் தாண்டி முறையான ஆய்வு என்று இறங்கினால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். என்ன செய்யப்போகிறோம், எந்த இடத்தில், எத்தனை பேர், எந்த நாட்களில், முடிவுகளை யாரிடம் ஒப்படைப்போம் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது.

அடுத்தது கேள்வி. "யமுனையின் நிலை என்ன" என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரம் கிடைப்பவர்களுக்கு உரிய கேள்வி அன்று. "இந்த ஒரு வளைவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எத்தனை நாமக்கோழிகள் தங்குகின்றன" என்பது உரிய கேள்வி. எங்கள் குழு முதல் குளிர்காலத்தில் செய்த தவறு, ஒவ்வொரு வாரமும் அவரவர் விரும்பிய இடத்தில் நின்று எண்ணியதுதான். நான்கு மாதக் குறிப்புகளில் ஒரு வாரத்தை மறு வாரத்தோடு ஒப்பிட வழியின்றி அத்தனையும் வீணாயின. இடம், நேரம், எண்ணும் கால அளவு ஆகிய மூன்றும் மாறவே கூடாது. சனவரியில் மூடுபனி விலக ஒன்பது மணிகூட ஆகும் என்பதால், ஏழு மணிக்குத் தொடங்குவதாகத் திட்டம் போடாமல் இருப்பதே உத்தமம்.

பழகுவதற்கு நாமக்கோழியைப் போல் வேறில்லை. கரிய உடல், வெள்ளை அலகு, அதிலிருந்து நெற்றிக்கு ஏறும் வெள்ளைப் பட்டை. பெயர் வைத்தவர் பெருமாள் கோயில் பக்கத்தில் குடியிருந்திருப்பார் போலும். அருகிலேயே நீந்தும் தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பாக இருக்கும். கூட்டம் பெரிதானால், பைனாகுலரில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து நீரில் அடைக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இவை அடிக்கடி மூழ்கி எழுபவை. ஆகவே இருவர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுவது அவசியம்.

பறவைக் குறிப்புகளைச் சேகரிக்கும் இணையத்தளமான ஈபேர்டில் குறிப்புகளை ஏற்றும்போது, பார்த்த எல்லா இனங்களையும் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். உண்மையிலேயே பதிந்திருந்தால் மட்டும் "ஆம்" என்க. அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே காணப்படவில்லை என்பதும் ஒரு தகவலாகிறது. 1987 முதல் சனவரிதோறும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டால், அனுபவமுள்ளவர்களோடு நின்று பழகலாம்.

நீர் ஆய்வுக்கு அனுமதி கிடைத்திருந்தால் கையுறை இன்றி இறங்க வேண்டாம். காளிந்தி குஞ்ச் அருகே அணையில் விழும் நீர் நுரைப்பதற்குச் சலவைத்தூள் கழிவும் ஒரு காரணம். குழந்தைகளை அதன் அருகே விடக் கூடாது. மழைக்காலத்தில் வெள்ளச் சமவெளிப் பக்கமே போகக் கூடாது. 2023 சூலையில் பழைய ரயில்வே பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது, அபாய அளவோ 205.33 மீட்டர்.

கரைந்த ஆக்சிஜனை அளக்க, புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, குமிழி சேராமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் அங்கேயே விட வேண்டும்; வீட்டுக்குக் கொண்டுவரும் வரை தள்ளிப்போட்டால் அளவு மாறிவிடும். ஆக்சிஜன் இருந்தால் வீழ்படிவு பழுப்பாகும். குளிப்பதற்கான தரம் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம். வீழ்படிவு வெள்ளையாகவே நின்றால், சோதனையில் பிழை என்று புட்டியைக் கொட்டிவிடாமல், தேதியும் நேரமும் இட்டு, குறிப்பேட்டில் 0 என்று எழுதுக.