கணையம் வெந்தவரின் மூச்சு: ஐசியு இரவு டியூட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்ததும் எல்லோர் கண்ணும் மானிட்டருக்குப் போகும். நான் தையல்காரர் டேப்பைத் தேடுவேன். பதினேழு வருட ஐசியு வேலையில் என் கோட் பையை விட்டுப் பிரியாத பொருள் அது.

கணைய அழற்சியோடு வந்தவருக்கு மூன்று நாளாகத் தண்ணீர் ஏற்றியிருப்போம். உடம்பு ஊதி, எடை 92 கிலோ காட்டும். நுரையீரலோ உயரத்துக்குத் தக்க அளவில்தான் இருக்கும். அதனால் தலை முதல் குதிகால் வரை அளந்து, சென்டிமீட்டரில் 152.4 கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50 கூட்டுங்கள், பெண்ணென்றால் 45.5. 165 செ.மீ. ஆணுக்கு 61.5 கிலோ வரும். கிலோவுக்கு 6 மில்லி வீதம் ஒரு மூச்சுக்கு 370 மில்லி போதும். 92ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 550 மில்லி. ஏற்கெனவே நீர் கோத்துக் கிடக்கும் நுரையீரல் அதைத் தாங்காது.

அடுத்து வயிறு. வென்டிலேட்டரில் பிளாட்டோ அழுத்தம் (காற்று உள்ளே போனதும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) 30 செ.மீ. நீரளவைத் தாண்டினால் நுரையீரலை மட்டும் சந்தேகப்படாதீர்கள். இந்த நோயில் வீங்கிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். ஆளை மட்டமாகப் படுக்க வைத்து, இடுப்பெலும்பு உயரத்தில் அக்குளின் நடுக்கோட்டில் அழுத்தம் அளக்கும் கருவியை ஜீரோ செய்து, யூரின் கதீட்டர் வழியே 25 மில்லி சலைன் விட்டு, மூச்சு வெளியேறி முடியும் கணத்தில் வயிற்று அழுத்தத்தைப் பாருங்கள். 12 மி.மீ. பாதரசம் தொட்டாலே அதிகம். 20ஐத் தாண்டி, கூடவே புதிதாக இன்னொரு உறுப்பும் தடுமாறினால் நள்ளிரவானாலும் சர்ஜனை எழுப்புங்கள். எனக்கு ஒருமுறை 22 வந்தது. அளந்ததில்தான் தப்பு என்று காலை ரவுண்ட்ஸ் வரை விட்டுவிட்டேன். விடிவதற்குள் சிறுநீர் நின்றுபோனது. இப்போது சந்தேகம் வந்தால் உடனே இன்னொருமுறை அளப்பேன், அப்புறம் போன்தான்.

60 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ஆக்சிஜன் அழுத்தம் 72தான் வருகிறது என்றால், 72ஐ 0.6ஆல் வகுத்தால் 120. வென்டிலேட்டரைச் சரிசெய்த பிறகும் இது 150க்குக் கீழேயே நின்றால் டாக்டர் குப்புறப் படுக்க வைக்கச் சொல்வார். 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், மல்லாந்தே கிடந்தவர்களில் 28 நாளுக்குள் சுமார் 33 சதவீதம் பேர் இறந்தார்கள். ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புறக் கிடந்தவர்களில் 16 சதவீதம்தான்.

திருப்ப ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் டியூப்பைப் பிடித்திருப்பவர்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முன்னதாக ஃபீட் நிறுத்தி ரைல்ஸ் டியூப்பை (மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் குழாய்) உறிஞ்சுங்கள். கண்ணுக்குக் களிம்பு போட்டு மூடுங்கள். உதட்டருகே டியூப் எத்தனையில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் மட்டும் தலையணை. வயிறு அழுந்தாமல் தொங்க வேண்டும். கணைய நோயாளிக்கு இதைத் தவறவிட்டால் திருப்பியதே வீண். திருப்பியதும் வயிற்று அழுத்தத்தை மறுபடி அளந்துவிடுங்கள். இரண்டு மணிக்கொரு தடவை முகத்தைத் திருப்பும்போது காது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் எக்மோ. தொடைச் சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, வெளியே ஆக்சிஜன் ஏற்றி, கழுத்துச் சிரை வழியாகத் திருப்பிவிடும் மெஷின் அது. 80 சதவீதமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் கொடுத்தும் மேலே சொன்ன கணக்கு 50க்குக் கீழே 3 மணி நேரமோ, 80க்குக் கீழே 6 மணி நேரமோ நின்றால் அந்தப் பேச்சு வரும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்க வேண்டியிருக்கும். அழுகிய கணையத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம் என்பதுதான் இவர்களிடம் எனக்குள்ள பயம். மெஷின் உள்ள மருத்துவமனைக்குச் சீக்கிரமே பேசச் சொல்லுங்கள். வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தோடு ஒரு வாரம் ஓடிவிட்டால் அவர்கள் எடுக்கத் தயங்குவார்கள். பேசும்போது கடைசி சிடி, ஏபிஜி, வயிற்று அழுத்தம், வென்டிலேட்டர் எத்தனையாவது நாள் என்ற நான்கும் கையில் இருக்கட்டும்.